ஹீப்ருவில் பாடிய பாதிப் பாட்டு

துபாயில் கடலோர ஹோட்டல் ஒன்றில் சில வருடங்கள் பாடினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் கிட்டார் வாசிப்பார், நான் பாடுவேன். சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தூத்துக்குடியில் கல்யாணக் கச்சேரிகளில் பாடிப் பழகியவளுக்குப் பந்திச் சத்தம் புதிதா என்ன?

இஸ்ரேலிலிருந்து ஆட்கள் வந்து தங்கத் தொடங்கிய காலம். மகளோடு வந்திருந்த ஒரு அம்மா, நான் ஒரு பாட்டை முடித்ததும் மேடையருகே வந்தார். சனிக்கிழமை ஆட்டம் போடக் கூப்பிடும் பழைய ஆங்கிலத் துள்ளல் பாட்டு அது.

"இதே மெட்டில் எங்கள் ஹீப்ருவில் ஒரு பாட்டு இருக்கிறது, தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

போனில் போட்டும் காட்டினார். மெட்டு அதேதான், வேகம் பாதி. வார்த்தைகளுக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளியூர் கிளம்பும் ஒருவன், வரத் தாமதமானாலும் தாழ்ப்பாள் போடாதே என்று மனைவியிடம் சொல்கிறானாம்.

"வண்டி ஓட்டும்போதெல்லாம் என் கணவர் இதைத்தான் பாடுவார். வெள்ளிக்கிழமையோடு அவர் போய் ஒரு வருடம். அன்றைக்கு மதியம் வருவோம். பாட முடியுமா?"

சரி என்றேன். கராமாவில் நான் தங்கியிருந்த ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, மகள் என் போனுக்கு அனுப்பிய அந்தப் பாட்டைக் கேட்டு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். தொண்டையிலிருந்து வரும் ஒரு சத்தத்துக்கு நம்மிடம் எழுத்தில்லை. ஆய்தப் புள்ளி போட்டுச் சமாளித்தேன். "மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று ரூம்காரிகள் சிரித்தார்கள்.

புதுப் பாட்டு என்றால் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். மெட்ராஸ்காரர். விவரம் எல்லாம் சொன்னேன்.

"ஆனிவர்சரியா?"

"கல்யாண நாள் இல்ல சார். அவங்க வீட்டுக்காரர் இறந்த நாள்."

"புரியுதும்மா. நீ பாடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு கூடவே அசைந்தது. முதல் சரணம் முடியும்போது சமையலறைக் கதவு திறந்தது. வெயிட்டர்கள் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் கையில் இதய வடிவ சிவப்புக் கேக், மேலே மத்தாப்பு, கிரீமில் ஆனிவர்சரி வாழ்த்து. முன்னால் மேனேஜர், போனை நீட்டியபடி.

அந்த அம்மாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. கேக்கில் இருந்ததைப் படித்ததும் முகம் கோணி அழுகை வந்தது. மேனேஜர் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். வேகமாக வாசி என்று கிட்டார்காரருக்குக் கையை ஆட்டினார். பாவம், அவரும் வாசித்தார். மெட்டு மறுபடி சனிக்கிழமை ஆட்டமானது. செத்துப்போனவன் கதவைத் திறந்து வை என்கிற வார்த்தைகளை நான் அந்தத் தாளத்துக்குப் பாடிக்கொண்டிருந்தேன். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

முகத்தில் சிரிப்பு மாறாமல் மேனேஜர் தமிழில் சொன்னார்: "நிறுத்தாத, வீடியோ ஓடுது."

"த்தூ! வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன்.

மகள் கேக்கைத் தள்ளிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். லாபிவரை பின்னாலேயே ஓடினேன். "மேனேஜரிடம் நான் துக்க நாள் என்றுதான் சொன்னேன்" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "முதல் பாதியைக் கேட்டேன். அது போதும்" என்றார். அந்தப் பிடியில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் அந்த வீடியோ ஹோட்டலின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்துவிட்டது. அழுகிற முகத்தைச் சுற்றிலும் இதயங்கள். மிஞ்சிய கேக்கைத் தின்றுகொண்டே மேனேஜர் எனக்குக் காட்டினார். மீசையில் சிவப்புக் கிரீம்.

"பாத்தியா, எல்லாரும் ஆனந்தக் கண்ணீர்னே நெனச்சுட்டாங்க!"

தெரிந்தே செய்திருக்கிறார். அவரோடு ஒரே அறையில் மூச்சு விடவே அருவருப்பாக இருந்தது. லிங்கை அந்த அம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். அவள் தலைமை அலுவலகத்தில் புகார் செய்த பிறகு வீடியோவை எடுத்தார்கள். மன்னிப்பென்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் இனிப் பாட்டு வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். நானே வேலையை விட்டேன். இப்போது வேறு ஹோட்டலில் பாடுகிறேன்.

போன மாதம் மெட்ரோவில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். "என்னம்மா, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டினார். நான் பெண்கள் பெட்டிக்கு நடந்தேன்.