சிறப்புரை ஆற்றிய எசினாம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பத்மநாதனின் கடைக்குச் சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் எசினாமைத் தெரியும். பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். உயரமான, கறுத்த, ரப்பர் ஏப்ரன் கட்டிய பெண். "துண்டு பெருசோ, சின்னனோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்பாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவள் காதுபடவே, "காப்பிலிப் பெட்டை நல்லாத் தமிழ் கதைக்கிறாள்" என்பார்கள். கறுப்பினத்தவரை இழிக்கும் அந்தச் சொல் அவளுக்கு விளங்காது என்பது அவர்கள் நினைப்பு. அவளுக்கு விளங்கும். கடை முதலாளியின் மகள் கோசிகாவிடம் முதல் மாதமே கேட்டு அறிந்துகொண்டிருந்தாள். தெருவில் எவனாவது வெள்ளையன் தங்களை இழிவாகப் "பாக்கி" என்று கூப்பிட்டால் பொலிசுக்குப் போன் எடுக்கிறவர்களின் வாயில்தான் அந்தச் சொல் இருந்தது.

எசினாம் பிறந்தது கானாவின் கிழக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம். கடல் முதலில் தென்னைகளை விழுத்தியது. பிறகு அவள் படித்த பள்ளிக்கூடத்தை எடுத்தது. ஒரு மாரியில் வீட்டையும் எடுத்தது. அப்பா படகோடு உள்ளே தள்ளிப்போய் ஒரு கொட்டில் போட்டார்; இரண்டு வருடத்தில் கடல் அங்கேயும் வந்தது. அந்த ஊரில் ஒருவரிடமும் கார் இருந்ததில்லை. கரி எரித்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். அம்மா முன்னரே லண்டனுக்கு வந்து, குரொய்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்து, பதினைந்து வயதில் அவளைக் கூப்பிட்டு எடுத்தாள்.

இப்போது பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம். கரையைக் காக்கும் கட்டுமானம்தான் படிக்கப்போகிறேன் என்பாள். கேட்கிறவர்கள் உடனே முகத்தைத் தொங்கப்போட்டு, "ஐயோ, உங்கள் வீடு போய்விட்டதா?" என்பார்கள். கடலைத் தடுக்க அவள் கட்டப்போகும் மதிலைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளுக்குக் கோபம் வருவது அங்கேதான்.

2009ஆம் ஆண்டின் கடைசியில் கோப்பன்ஹேகனில் உலகத் தலைவர்கள் கூடி, பூமி எவ்வளவு சூடாகலாம் என்று பேரம் பேச இருந்தார்கள். அந்த மாநாட்டுக்கு இளைஞர்களை அழைத்துப்போகும் தொண்டு நிறுவனம் ஒன்றில், ஆபிரிக்க இளைஞர்களின் குரலாகப் பேச ஓர் இடம் மிச்சம் இருந்தது. எசினாம் விண்ணப்பித்தாள். பொறுப்பாக இருந்த ஹெலன் என்ற பெண்மணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சபைக்கு முன்னால் நீ பேசுவதை நான் ஒருமுறை கேட்கவேண்டும்.

அதே கிழமை மலர்ச்சி மன்றம் என்ற தமிழ்ச் சங்கத்தின் தலைவர் குருமூர்த்தி கடைக்கு வந்தார். சுற்றுச்சூழல் பற்றிக் கூட்டம் வைக்க அவருடைய மன்றத்துக்கு நகரக் கவுன்சிலின் பண உதவி கிடைத்திருந்தது. மேடையில் வேறு சமூகத்தவரும் இருக்கவேண்டும் என்பது கவுன்சிலின் கட்டளை.

"பத்மநாதன், எங்களுக்கு ஒரு ஆபிரிக்கப் பிள்ளை தேவைப்படுது" என்றார், தேங்காய் கேட்பதுபோல.

கோசிகா கல்லாவிலிருந்து எழும்பினாள். "அங்கிள், எசினாம் பேசுவா. ஆனா உண்மையாப் பேச விடவேணும். அவாவைக் கேட்க ஒரு ஆள் வருது. கோப்பன்ஹேகன் போறது அதிலதான் இருக்கு."

"இதென்ன கதை பிள்ளை? இருபது நிமிசம் தாறன். அவாதான் சிறப்புரை. தலைவர் நானெல்லோ சொல்லுறன்!"

கூட்டம் ஒரு ஞாயிறு மாலை, வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில். ஒன்பது மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஆறு மணிக் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியது. மங்கல விளக்கு ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஒவ்வொருவரையும் பட்டத்தோடும் பதவியோடும் அழைக்கவும் தேவைப்பட்டது. இறந்தவர்களுக்கு அகவணக்கம். வரவேற்பு நடனம். வரவேற்புரை. ஆசியுரை. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்த, அவருக்கு வேறொருவர் போர்த்த, மேடை ஒரு புடவைக்கடையாகியது. எசினாமுக்கும் ஒன்று விழுந்தது. அதைத் தோளில் சுமந்தபடி அவள் மேடையில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஹெலன்.

அதன் பிறகு தலைமையுரை. குருமூர்த்தி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். நிலம், நீர், தீ, காற்று, வான் என்று பிரித்த தமிழன் இந்தக் காலநிலை மாற்றத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான் என்றார். வெள்ளைக்காரன் இன்றைக்குத்தான் கண்விழிக்கிறான் என்றார். கைதட்டினார்கள். எதைக் கண்டுபிடித்தான், எந்த அளவுகோலால் அளந்தான் என்று அந்த மண்டபத்தில் கேட்க ஓர் ஆள் இல்லை. பிறகு இந்த வருடத்துக்கு வந்தார். போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் இரவு பகலாக நின்று கத்தினார்களே, இந்த உலகம் ஒரு நிமிடம் காது கொடுத்ததா என்று குரல் உடைந்து கேட்டார். கேட்டவர் அழுதார். அது பொய் அழுகையல்ல. அவருடைய தங்கை குடும்பம் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. அந்தக் கண்ணீரோடுதான் அவர் பக்கத்தில் இருந்தவளின் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தார்.

ஹெலன் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிரைட்டன் ரயிலைப் பிடிக்கவேண்டியவர். கோசிகா துண்டுச் சீட்டில் "எசினாமை விடுங்கோ" என்று எழுதி அனுப்பினாள். தலைவர் அதை வாங்கி, வாசிக்காமல் சட்டைப் பையில் வைத்தார். எசினாம் பார்த்துக்கொண்டிருக்கவே ஹெலனுக்குப் பின்னால் கதவு மூடியது.

நன்றியுரை முடியும்போது காவலாளி திறப்புக் கோர்வையைக் குலுக்கத் தொடங்கினார். குருமூர்த்தி எசினாமின் தோளில் தட்டினார். "நெக்ஸ்ட் ரைம், மகள். ரோல்ஸ் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

ஆபிரிக்க இளைஞர்களின் குரலாகக் கோப்பன்ஹேகனுக்குப் போகும் இடம், கென்யாவில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்த ஆங்கிலேய மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது. நல்ல பையனாம். நன்றாகப் பேசுவானாம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கடை வாசலில் இலவசத் தமிழ்ப் பத்திரிகைக் கட்டு வந்து விழுந்தது. உள்பக்கத்தில் பொன்னாடையோடு எசினாமின் படம். கோசிகா மீன் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"கீழே என்ன எழுதியிருக்கு?" எசினாம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

கோசிகாவுக்கு முகம் சுருங்கியது. "கானா நாட்டு இளம்பெண் எசினாம் சிறப்புரை ஆற்றினார்."

"அப்படியா? என்ன சொன்னேனாம்?"

"அது எழுதேல்லை."

எசினாம் பத்திரிகையை மடித்து வைத்தாள். பிறகு கத்தியைத் தீட்டினாள். மீன் வரிசை கதவுவரை நீண்டிருந்தது. முதல் ஆளாக நின்றவர் குருமூர்த்தி.

"இந்த விளைமீன். கறிக்கு வெட்டித் தாங்கோ பிள்ளை. கெதியா, காரைப் பிழையான இடத்தில விட்டிட்டு வந்தனான்."

எசினாம் மீனை எடுத்துப் பலகையில் கிடத்தினாள். வாலைப் பிடித்துச் செதில் தட்டத் தொடங்கினாள், வழக்கமான வேகத்தில் கால்வாசியாக. "ஓம், அங்கிள்" என்றாள். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, ஆங்கிலத்தில்:

"நான் சிறப்புரை ஆற்றியதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. நான் பொய்க்காரி ஆகக்கூடாது. ஆகையால் இப்போது ஆற்றுகிறேன்."

"பிள்ளை, முதல்ல மீனை..."

"மீனும் வெட்டுப்படும். கேளுங்கள். என் வீடு கடலுக்குள் இருக்கிறது. 'பாவம்' என்று ஒருவரும் சொல்லவேண்டாம்; அந்தச் சொல்லால் ஒரு கல்லும் நகராது. பூமி இரண்டு பாகை சூடானால் பரவாயில்லை என்று கோப்பன்ஹேகனில் பேசப்போகிறார்கள். யாருக்குப் பரவாயில்லை? எரித்தவர்கள் மேசையில் இருக்கிறார்கள். நனைகிறவர்கள் கதவுக்கு வெளியே. எங்களுக்காகப் பேச ஒரு பையனை அனுப்புகிறார்கள். அவன் எங்கள் கடலைக் கண்டதே இல்லை."

குருமூர்த்தி விலகப் பார்த்தார். விலக முடியாது, பாதி செதிலோடு அவருடைய மீன் அவள் கையில்.

"ஏப்ரலில் கோசிகாவோடு வெஸ்ட்மின்ஸ்டருக்கு நானும் வந்தேன். உங்கள் பிள்ளைகளுக்குக் கை உளைந்தபோது அவர்களுடைய பதாகையைப் பிடித்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்களை ஒருவரும் கேட்கவில்லை என்று நீங்கள் அழுதபோது நான் நம்பினேன், அங்கிள். அதே வாயால் என்னுடைய இருபது நிமிடத்தை எடுத்தீர்கள். பொன்னாடையைப் போட்டு வாயை மூடினீர்கள். இன்னுமொன்று: எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. காப்பிலி அல்ல."

பத்மநாதன் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பத்மநாதன், உன்ர கடையில வேலைக்கு நிக்கிறவை இப்பிடியோ கதைக்கிறது?" என்றார் குருமூர்த்தி.

வரிசையில் இரண்டாவதாக நின்ற நகுலேஸ்வரி, பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறவர், பையை மறுகைக்கு மாற்றினார். "விடுங்கோ அண்ணை, அவள் கதைக்கட்டும். நீங்கள் கதைக்கேக்க நாங்கள் இடுப்பு முறிய இருந்து கேட்டனாங்களெல்லோ! உங்களுக்கு மீனாவது கிடைக்குது."

பின்னால் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். குருமூர்த்தியின் கழுத்து சிவந்தது. எசினாம் சிரிக்கவில்லை. குடலை வழித்தெறிந்து, கழுவி, துண்டு போட்டு, பையில் கட்டி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஆயிரம் சொற்களில் அது ஒன்று மட்டும் எங்கே போனதோ.

நகுலேஸ்வரி முன்னால் வந்தார். பாரை மீன் ஒன்றைக் காட்டிவிட்டு, தயங்கித் தயங்கித் தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எசினாம், நீ படிப்பது மதில் கட்டத்தான் என்று கோசிகா சொன்னாள். அந்தக் கடலுக்கு மதில் கட்ட முடியுமா?"

எசினாமின் கத்தி நின்றது. லண்டனுக்கு வந்து ஏழு வருடத்தில் பேராசிரியர்களைத் தவிர அவளிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"ஏலும், அன்ரி" என்றாள் தமிழில். பாரையை ஒரு பக்கம் தள்ளி, மேசையில் கொட்டியிருந்த ஐஸைக் கைகளால் ஒதுக்கி ஒரு கரையாக்கினாள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஐஸ் வரம்புகளைக் கட்டத் தொடங்கினாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். "கரை நெடுக நேரே ஒரு மதில் போட்டால் கடல் அடுத்த ஊரைத் தின்னும். இப்படிக் குறுக்கே போடவேண்டும், மண் தங்கும். இங்கே பாருங்கள்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு மீன் பிந்தியது.