கரடியின் பின்னால் போன அந்தோணி அண்ணன்

நான் இப்போது இருக்கும் ஈசா டவுனில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, முன்பு வேலை பார்த்த ருவைஸிலிருந்து அந்தோணி அண்ணனின் மனைவி மேரி அக்கா அழைத்தார். "அண்ணன் போயிட்டாவ" என்றார். டியூட்டிக்குக் கிளம்பிய நேரத்தில் மாரடைப்பு.

அந்தோணி அண்ணன் மணப்பாட்டுக்காரர். ருவைஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன். நான் அங்கே நர்ஸாக இருந்தபோது, குடியிருப்பின் விளையாட்டுக் கூடத்தில் விடுமுறை நாட்களில் வில்வித்தை பழகிய சிலரில் நாங்கள் இருவரும் உண்டு. அவருடன் வேலை பார்த்த டேவ் என்ற கனடாக்காரர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின், வசந்தகாலக் கரடி வேட்டைக்கு அண்ணனை அங்கே அழைத்தார். வருட லீவில் ஊருக்குப் போகாமல் கரடிக்குப் போகிறாரே என்று எல்லோரும் சிரித்தார்கள். மேரி அக்கா மட்டும், "போயிட்டு வாங்க. ஆனா தோலு, தலைன்னு ஒண்ணும் வீட்டுக்குள்ள வரப்பிடாது" என்றார்.

திரும்பி வந்தவரைச் சுற்றி வீரக்கதை கேட்க உட்கார்ந்தோம். அவர் சொன்னது வேறு கதை.

மரத்தில் கட்டிய இருக்கையில் அசையாமல் இருந்தாராம். மாலையில் ஒரு ஆண் கரடி வந்தது. அம்பை விட்ட கணத்தில் அது திரும்பிவிட்டது. அம்பு நெஞ்சில் படாமல் வயிற்றுப் பக்கம் பாய, கரடி புதருக்குள் ஓடியது. காயம்பட்ட கரடியின் பின்னால் இருட்டில் போவது ஆபத்து என்று டேவ் தடுத்துவிட்டார். விடிவதற்குள் மழை பெய்து, தரையில் இருந்த ரத்தமெல்லாம் கழுவிப்போனது.

வெகுநேரம் தேடியும் தடம் கிடைக்காமல், "கலாஸ், அந்தோணி" என்றாராம் டேவ். 'போதும், முடிந்தது' என்று வளைகுடாவில் கற்ற அரபுச் சொல்லை அவர் மறக்கவில்லை.

"நான் திரும்பிப் போவலன்னுட்டேன்" என்றார் அண்ணன். "அது அங்க கெடந்து துடிக்கும்லா? குறி தப்புனா பரவால்ல தங்கச்சி. பாதி பட்டா அது பாவம்."

சேற்றில் முழங்காலிட்டு, இலைகளைப் புரட்டிப் புரட்டி, மழை படாத அடிப்பக்கத்தில் ரத்தக் கறை தேடி நகர்ந்திருக்கிறார். பிற்பகலில், சாய்ந்து கிடந்த மரத்தடியில் கரடி தெரிந்தது. உயிர் இருந்தது. இவரைக் கண்டு எழ முயன்றது. பின்னால் டேவ் துப்பாக்கியோடு நிற்க, அண்ணன் வில்லை வளைத்தார். இரண்டாவது அம்பு தப்பவில்லை.

"பக்கத்துல உக்காந்து அழுதேன். அப்புறம் ரெண்டு பேருமா அறுத்தோம். கறியத் தின்னோம். வீணாக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "அதை ஏன் கொல்லப் போகணும் அண்ணே? அது பாட்டுக்குக் காட்டுல திரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "நீ சொல்லுறது சரியா இருக்கலாம். செஞ்சத நான் மாத்திச் சொல்ல முடியாதுலா" என்றார்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போனார். கரடிகள் வந்தனவாம், நிச்சயமான குறி ஒன்றும் அமையவில்லை, ஒரு அம்பும் விடவில்லை. "சும்மாவா வந்தீங்க?" என்று கேலி செய்தேன். "சும்மா இல்ல. கரடி சாவகாசமா புல்லு மேயுறத நல்லாப் பாத்துட்டு வந்திருக்கேன்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அண்ணனை அறிந்தவர்களே, வேட்டை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் தன் கையால் காயப்பட்ட ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஈரக் காட்டில் முழங்காலில் நகர்ந்துபோனாரே, அந்த மனிதரை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.