பனையில் கட்டிய துணி

வெள்ளத்தில் ஊறிய பனைமரத்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. நெமிலிச்சேரி ஓடைக்கரையில், கூலிவேலைக்காரர்களான எங்கள் குடிசைகளுக்கு நடுவே நின்ற ஒற்றைப் பனையை நினைத்தால் இந்த வயதிலும் அந்த வாடைதான் முதலில் வருகிறது. ஐப்பசி வெள்ளம் ஏறி நிற்கும்போது எங்கள் நைனா தண்ணீரில் இறங்கிப் போய், அது தொட்ட உயரத்தில் கிழிந்த புடவைத் துணியை மரத்தில் இறுக்கிக் கட்டுவார். அதற்குப் பெயர் "முடிச்சு". வடிந்தபின் குடிசை போடுகிறவன் அதைப் பார்த்துத்தான் தரையை மேடாக்குவான். "முடிச்சுக்கு மேல படுத்தாதான்டா காலைல எந்திரிப்ப" என்பார். ஒரு வருஷம் முடிச்சையும் தாண்டி ஏறிய தண்ணீரில் என் தங்கை போய்விட்டாள். அந்த வருஷம் நைனா கட்டியது அவளுடைய பாவாடைத் துணி.

என் பேத்தியின் புவியியல் புத்தகத்தில் நிலத்தோற்றம், நீர்வடிப்பு, குடியிருப்பு, இடப்பெயர்வு என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எல்லாமே அந்தத் துணிதான். லாரி ஓட்டி, பிறகு சொந்த லாரி வாங்கி, அதே ஓடைக்கரை மனைகளானபோது ஒன்றை வாங்கி, பாவாடை முடிச்சுக்கும் ஒரு முழம் மேலே தரை எழுப்பி மாடிவீடு கட்டினேன். யார் தயவும் இல்லை. தெருவே மூழ்கிய மழைகளில் என் கூடம் காய்ந்து கிடந்தது. படித்தவர்கள் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு என் மாடிக்குத்தான் வந்தார்கள்.

அப்புறம் ஓடையைத் தூர்த்து அடுக்குமாடி வந்தது. சாலைமேல் சாலை போட்டுப் போட்டு என் வாசல் பள்ளமானது. போன மழையில் கூடத்திலேயே கட்டில் மிதந்தது. பனை எப்போதோ போய்விட்டதால் வாசல் கேட்டில் துணி கட்டினேன்.

வீட்டை விற்க மகன் ஆள் கூட்டிவந்தான். "அத்த அவுத்துடு நைனா, ஊடு போணியாவாது" என்றான். நான் அவிழ்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணினி வேலைக்கு வந்த தம்பதி, இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் துணியைத் தொட்டு, "திருஷ்டிக்குக் கட்டியிருக்கீங்களா தாத்தா?" என்று சிரித்தாள்.

"இல்லம்மா. போன மழைக்குத் தண்ணி நின்ன ஒசரம்."

அவள் கை குழந்தையின் தலைக்குப் போனது. உள்ளே வராமலே திரும்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து மகன் என்னோடு பேசுவதில்லை. பனை இல்லை, ஓடை இல்லை, முடிச்சைக் கண்டதும் புரிந்துகொள்ளும் கண்களும் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. மாடி ஏற முழங்கால் விடுவதில்லை. நான் கூடத்திலேயே, முடிச்சுக்குக் கீழே படுத்துக்கொள்கிறேன்.