யானைக்கு எதிரே தாய்மாமன் துப்பாக்கி

போன வாரம் என் அக்கா மகனுக்கு ஜவளகிரியில் கல்யாணம். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் பட்ட பாடு இருக்கிறதே... அதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்?

எங்கள் ஊர் பேரிகையிலிருந்து ராகி மூட்டை ஏற்றுகிற லாரி ஒன்றைப் பிடித்துக் கிளம்பினோம். மாப்பிள்ளை, அக்கா, மாப்பிள்ளையின் பெரியப்பா, நான். அத்தான் ஏற்பாடுகளைப் பார்க்கிறேன் என்று முன்னாடியே போய்விட்டார். விவரமான மனுஷன்! தளியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் லாரி நின்றது. டிரைவர் எஞ்சினுக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கவே இல்லை.

எதிரே மாடு ஓட்டி வந்த ஒருவர் கன்னடத்தில் கத்தினார்: “ஒண்டி ஆனெ நிந்திதெ சாமி, ஓகபேடி!”

ஒற்றை யானை நிற்கிறதாம். போகாதீர்கள் என்கிறார். போகாமல்? விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை ஊருக்குள் வந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்ணுக்கு முறை மாப்பிள்ளை வேறு ஒருவன் அதே ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். எங்கள் பையனுக்கோ இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. அவன் என் காதருகே வந்து, “எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும் மாமா” என்றான்.

நடப்பதென்று முடிவாயிற்று. எதை எடுத்துக்கொண்டு நடப்பது?

லாரியில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஊர் எல்லையில் மாப்பிள்ளை வரவுக்கு வேட்டுப் போடக் கொண்டுவந்தவை. இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் தூக்க ஆள்? மாப்பிள்ளை தலையில் டிரங்குப் பெட்டி. அக்கா இடுப்பில் சீர் மூட்டை. பெரியப்பாவுக்கு முட்டிவலி — ஒரு கையில் தடி, மறு கை என் தோளில். மிச்சம் இருப்பது என் இன்னொரு தோள். ஒரு தோள், ஒரு துப்பாக்கி.

பெரியப்பாவுடையது ரெட்டைக் குழல். தோட்டாவைப் போட்டால் டுமீல். என்னுடையது அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி, என்னைவிட உயரம். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, கம்பியால் இடித்து, அப்புறம்தான் சுட வேண்டும். அதற்குள் யானை குளித்துவிட்டே வரலாம்.

“ரெட்டைக் குழலையே எடுத்துக்கலாம்” என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. “தாய்மாமன் துப்பாக்கி இருக்கறப்ப பங்காளி துப்பாக்கி முன்னால போறதா? அது என்னடா முறை?” என்றாள் அக்கா.

“அக்கா... யானைக்கு முறை தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியும். எடுறா!”

பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது. “முறைன்னா முறைதான். நம்முது எதுக்கு?” என்று சொல்லி, தோட்டாக்களை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டார். துப்பாக்கியை லாரியில் டிரைவரிடம் விட்டார். மருந்து கெட்டித்த துப்பாக்கியைத் தோளில் வைத்து நடக்க எனக்குப் பயம். வேண்டும்போது கெட்டித்துக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

ஆபத்து வந்தால் மூளை வேகமாக வேலை செய்யுமாம். எங்கள் குடும்பத்தில் உறவுமுறைதான் வேலை செய்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ஜுரம் வந்தால் நல்ல வைத்தியரைத் தேடுகிறோமா, மச்சான் சொன்ன வைத்தியரிடம் ஓடுகிறோமா?

ஒரு திருப்பம் வந்தது. மூங்கில் புதருக்குப் பக்கத்தில், பாதையை அடைத்துக்கொண்டு நின்றது யானை. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினேன்.

“அக்கா... மருந்துப் பை எங்கே?”

“பெட்டிக்குள்ள, கூரைப் புடவைக்கு அடியில.”

“திற, திற!”

“திறக்கறதாவது! நல்ல நேரம் பாத்துக் கட்டுன பெட்டி. பந்தல்லதான் திறக்கணும்!”

பெரியப்பா மடியைத் தட்டிக்காட்டி, “என் தோட்டா என்கிட்ட பத்திரமா இருக்கு” என்றார். ஆமாம். துப்பாக்கிதான் லாரியில் பத்திரமாக இருக்கிறது!

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. யானை நிதானமாக மூங்கிலை ஒடித்தது. பையன் பெட்டியோடு மலங்க மலங்க விழித்தான். ஐயோ, இந்தக் கல்யாணமும் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. புருஷனின் அண்ணனான மூத்தாரை நேருக்கு நேர் திட்டக்கூடாது. அதனால் என்னைப் பார்த்துத் திட்டினாள். “ஏன்டா, தோட்டாவ முடிஞ்சிக்கிட்டு வர்றதுக்குப் பேரு பெரிய மனுசத்தனமாடா? என் கல்யாணத்துல பந்தியில கோவிச்சிக்கிட்டு எழுந்தது யாருடா?”

பெரியப்பா விடுவாரா? தம்பி மனைவியை அவரும் திட்டக்கூடாது. மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். “டேய், பாயசம் ஊத்தாம விட்டது யாருடா? உங்க மாமன் வீட்டு ஆளுங்கதானேடா!”

அப்பப்பா! பாகப் பிரிவினை வந்தது, கிணற்றுத் தண்ணீர் வந்தது, செத்துப்போன எருமை வந்தது. காடே அதிர்ந்தது.

யானை மெல்வதை நிறுத்தியது. காதை விரித்தது. எங்களை ஒரு தரம் பார்த்தது. அப்புறம் திரும்பி, மூங்கிலை அப்படியே போட்டுவிட்டு, காட்டுக்குள் விறுவிறுவென்று போய்விட்டது.

இவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. சண்டை போட்டபடியே ஜவளகிரி போய்ச் சேர்ந்தோம். அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் கண் கலங்கியது.

பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். “அந்த ஒண்டி யானைக்குப் பயந்து எங்க ஆளுங்களே வெளியில போகல. எந்தத் துப்பாக்கியில வெரட்டுனீங்க சம்மந்தி?”

“எங்க வீட்டுத் துப்பாக்கிதான்!” — அக்காவும் பெரியப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்த தன் மகளைப் பார்த்தார்.

பாவம், யானைக்காவது ஓடுவதற்குக் காடு இருந்தது!