ஆளில்லை என்று எழுதப்பட்ட பன்னிரண்டு வீடுகள்

வாப்பா வீட்டுக்குள் நுழையுமுன் செருமுவார். உப்பளத்தில் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வருகிற ஆறடி மனிதர், தெருமுனையில் நின்று பேசினால் கடலோரக் களப்பில் தோணி வலிக்கிறவர்களுக்கும் கேட்கிற குரல்காரர், எங்கள் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, தொண்டையை மெதுவாக இரண்டு தடவை கனைத்து, உள்ளேயிருந்து உம்மா "வாங்க" என்று சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைப்பார். கலியாணம் முடித்துப் பத்து வருடம் கடந்தும் அந்தச் செருமல் நிற்கவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும் நேரத்தில் எங்கள் தெருவின் பன்னிரண்டு வாசல்களிலும் பன்னிரண்டு விதமான செருமல் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே எது யாருடையது என்று நான் சொல்லிவிடுவேன்.

புத்தளம் கரையோரத்தில் எங்கள் ஆட்களிடையே வீடு பெண்ணுக்கு உரியது. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். அதை யாரும் குறைச்சலாக நினைத்ததில்லை. மனைவியின் வீட்டைப் போய் "எண்ட ஊடு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனைத்தான் மானம் இல்லாதவன் என்று கேலி செய்வார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் நகரசபை ஒரு தீர்மானம் எடுத்தது. களப்போரமாக அகலப் பாதையும் மீன் சந்தையும் கடைத்தொகுதியும் வரப்போகின்றன, எங்கள் தெரு முழுவதும் அதற்குள் அகப்படுகிறது, வீட்டுக்காரர்களுக்கு பஸ் நிலையத்துக்கு அப்பால் புது வீட்டுத்திட்டத்தில் ஆளுக்கொரு வீடு கிடைக்கும் என்றார்கள். சில நாளில் தோளில் பை மாட்டிய இளம் உத்தியோகத்தர் ஒருவர் வீடுகளின் விவரம் எழுதும் இடாப்பும் கையுமாக வந்தார். வெளி ஆள் வந்தால் பெண்கள் முன்னால் வருகிற வழக்கம் அப்போது இல்லை. வாசலில் நின்றது வாப்பாதான்.

"இது உங்கட வீடா?" என்று அவர் கேட்டார்.

வாப்பா பதறிப்போனார். "இல்ல மாத்தயா, எண்ட இல்ல. நான் இங்க வந்து இரிக்கிறவன்" என்றார்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். பன்னிரண்டு ஆண்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள். தெருக்கோடியில் அவருக்கு இஞ்சி போட்ட பிளேன்டியும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் வாப்பா செருமாமல் வீட்டுக்குள் வந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றதை இப்போதும் பார்க்கிறேன். ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எனக்குக்கூட விளங்கியது. சபையின் அறிவித்தல் பலகையில் இடாப்பு ஒட்டியிருக்கிறதாம். எங்கள் தெருவின் பன்னிரண்டு வீடுகளுக்கும் நேரே "உரிமையாளர் இல்லை, வந்து தங்கியிருப்பவர்" என்று எழுதியிருக்கிறதாம். உரிமையாளர் இல்லாத வீட்டுக்குப் புது வீடு இல்லை. உடைக்கிற நாளில் சாமானை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"எண்ட வாயால நானே ஒன்ட ஊட்ட இல்லாமலாக்கிட்டேனே" என்று வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கே போய் எல்லாரும் தங்கள் வீடுதான் என்று மாற்றிச் சொல்லிவிடுவதாக ஆண்கள் பேசி வைத்திருந்தார்கள்.

"பொய் செல்லப் போகத் தேவல்ல" என்றார் உம்மா. "நீங்க செல்லினது சரிதான். ஒங்கட ஊடு இல்லாட்டி ஆர்ர ஊடெண்டு அந்த எழுத வந்த புள்ள கேக்கல்ல. அவ்வளவுதானே."

கதவுக்குப் பின்னால் நின்று, வந்தவர் காதில் பாதி விழாதபடி பேசுகிற உம்மாதான் இதைச் சொன்னார். சபை கூடுகிற நாள் காலை, பன்னிரண்டு பெண்களும் முக்காடு போட்டு, பெட்டியடியில் கிடந்த வீட்டு உறுதிப் பத்திரங்களைச் சேலைக்குள் இடுக்கிக்கொண்டு பெரிய தெருவால் நடந்தார்கள். கருவாட்டுக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் நாலடி பின்னால் வந்தார்கள். உம்மா என் கையை விடவில்லை; பயம்தான், ஆனாலும் நடை குறையவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சபை மண்டபத்தில் பொதுமக்கள் பார்க்கலாம், பேசக்கூடாது. நாங்கள் பின்வரிசைக் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். உட்காரச் சொன்னார்கள், ஒருவரும் உட்காரவில்லை. பன்னிரண்டு பெண்கள் மூச்சுக் காட்டாமல் நிற்க, மேசையில் இருந்தவர்களின் பேச்சுத் தானாகவே நின்றது. தலைமைக் கதிரையில் இருந்த தவிசாளர் கண்ணாடியைக் கழற்றி, இங்கே கதைக்க முடியாது என்று தெரியுமா என்று கேட்டார்.

"நாங்க கதைக்க வரல்ல" என்றார் உம்மா. "பன்னெண்டு ஊட்டுக்கும் ஆளில்லண்டு எழுதி ஒட்டி இரிக்கி. ஆள் இரிக்கமெண்டு காட்ட வந்தோம்."

தவிசாளர் இடாப்பை வாங்கிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ட வாசல்ல வந்து கேட்டாலும் நானும் இதத்தான் செல்லியிருப்பன்" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் மனைவி வீட்டு மாப்பிள்ளைகள்தானே! உறுதிகளைப் பார்த்து எழுதும்படி தவிசாளர் எழுதுவினைஞரிடம் சொன்னார். அவர் வீட்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு பெண் தன் பெயரைச் சொன்னார்.

அவர்களை நான் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் மாமி, சாச்சி, இன்னாருடைய உம்மா என்றுதான் தெரியும். ஆயிஷா, கதீஜா, ருகையா, ஸபியா என்று பெயர்கள் அந்தக் கூரையின் கீழ் எழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பதாம் இலக்கம் வந்தது. "ஜெய்னம்பு" என்றார் உம்மா. உம்மாவின் பெயரை உம்மாவின் வாயால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இத்தனை பெரிய ஒன்றை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தார் என்று வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தேன். அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

தெரு தப்பவில்லை. அடுத்த வருடம் இயந்திரம் வந்து ஒரு காலையிலேயே பன்னிரண்டையும் தரைமட்டமாக்கியது. புது வீடுகள் பன்னிரண்டு பெண்களின் பெயரிலும் கிடைத்தன. வாசலில் மின்சார மணி இருந்தது. வாப்பா மணியை அழுத்திவிட்டுச் செருமுவார். உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள், வீடு என் பெயரில் இருக்கிறது. பழைய தெருவின் இடத்தில் வந்த அகலப் பாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இந்த வாசலில் இப்போது செருமல் கேட்பதில்லை. என் கணவரிடம் சாவி இருக்கிறது.

சென்ற மாதம் சபை மறுபடியும் ஒரு தீர்மானம் எடுத்தது. இந்த முறை எங்கள் வீட்டுத்திட்டத்துக்குள் வடிகான் வருகிறது. கைபேசியோடு வந்த பெண் உத்தியோகத்தர் என் கணவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். "இல்ல, கொஞ்சம் நில்லுங்க, ஊட்டுக்காரிய கூப்புடுறன்" என்றார் அவர். நான் முன்வாசலுக்கு வந்து என் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயர் கேட்டார், சொன்னேன். உம்மாவின் பெயரையும் எழுதச் சொன்னேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார். குறிப்பு என்று ஏதாவது இடம் இருக்கும், அதில் போடுங்கள் என்றேன். அவர் தேடிப் பிடித்து எழுதும்வரை நான் உட்காரவில்லை.