எருமைக்கு ஐலசா

அந்த வருஷப் பெருமழையில் சடையங்குப்பம் முழுகியபோது, காத்திவாக்கத்திலிருந்து எங்கள் மீன்பிடி ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு ஐந்து பேர் போனோம். யாரும் கூப்பிடவில்லை. ஜனங்களை ஏற்றிவந்து மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கினோம். இரண்டே நாளில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். இருபத்துமூன்று வயசு, கேட்க வேண்டுமா? எதற்கெடுத்தாலும் அதட்டல்தான்.

பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்டில் ஓர் எருமை நின்றது. அதன் சொந்தக்காரம்மா நாலு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர். மூன்றை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இந்த நிறைமாசக்காரிதான். கிடேரி, அதாவது பெண் கன்று, பிறந்தால் மறுபடி தலையெடுத்துவிடலாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலி வந்தது. இரண்டு முன்னங்கால் வெளியே தெரிந்து, அதோடு நின்றுவிட்டது. மாட்டு டாக்டர் வர வழியில்லை. கையில் தடவ எண்ணெய் வாங்கிவர அந்தம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனார். அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பொறுக்கவில்லை.

மணலில் படகு இழுத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். வரவில்லையென்றால் இன்னும் மூச்சைப் பிடித்து இழுப்போம், வேறொன்றும் தெரியாது. கன்றின் கால்களில் நைலான் கயிற்றைச் சுருக்குப் போட்டு, ஐந்து பேரும் பிடித்து, "ஐலசா!" என்றேன். ஐயோ, அந்த அலறல்! எருமை சரிந்து விழுந்து காலை வீசியதில் ஒருவனுக்கு முன்பல் இரண்டு போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவனும் இழுத்தான். "வருதுடா, வுடாத!" என்று கத்தினேன். உள்ளே ஏதோ மடக்கென்று முறிந்தது. கயிறு வழியாகவே என் கைக்குத் தெரிந்தது.

ஓடிவந்த அந்தம்மா, சாத்தியிருந்த எங்கள் துடுப்பை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டார்.

"படகாடா இஸ்க்குறீங்க, கஸ்மாலங்களா? அது முக்கும்போதுதான் இஸ்க்கணும்! தல உள்ள மடங்கிக்கீதுடா, பேமானி!"

கயிற்றை அவிழ்த்தெறிந்து, கால்களை உள்ளே தள்ளி, தோள்வரை கையை விட்டுத் தலையைத் திருப்பினார். எருமை திமிறியதில் அவர் முகம் சுவரில் மோதி மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. கையை எடுக்கவில்லை. நாலைந்து முக்கலில் கன்று வந்து விழுந்தது. உயிரோடுதான். கிடேரிதான். வலது முன்னங்கால் மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவுற வேலல்லாம் வாணாம்," என்றார் அந்தம்மா. "நிக்காம எப்டிப் பால் குடிக்கும்? ஒட்ச்சது நீ. நீயே தூக்கிப் புடி."

நெஞ்சோடு அணைத்து மடியருகே தூக்கிப் பிடித்தேன். அது முட்டி முட்டிக் குடித்தது. தாய் எருமை என் முழங்காலில் உதைத்தது. எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன். நாலு நாள் வேளை தவறாமல் போய்ப் பிடித்தேன். மூங்கில் வைத்துக் கட்டிய அந்தக் கால் தரையில் ஊன்றவே இல்லை.

தண்ணீர் வடிந்தது, கடலும் அடங்கியது. படகை லாரியில் ஏற்றும்போது அந்தம்மா வந்தார்.

"நாளிக்கு யாருப்பா புடிப்பாங்க?"

"நான் வரேம்மா. நீ இன்னாத்துக்குக் கவலப்படுற?" என்றேன்.

மறுநாள் வலை நிறைய இறால். போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் போக எனக்கு முகமில்லை.