அறுபது கம்ப்யூட்டருக்கு ஒரே முகூர்த்தம்

நல்லது செய்யப்போய்த்தான் அந்த அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பூஜை, புரோகிதர், தேங்காய் என்று நான் சொல்லிக்கொண்டு போகப் போக, நீங்களும் சிரித்துவிட்டு என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மராட்டி பேசும் ஊரான ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை. வாஷிங் மெஷின் கதவுக்கு வைக்கிற ரப்பர் வளையம் செய்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருவன்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் நான், மேனேஜர் மகனின் போன் தண்ணீரில் விழுந்தாலும் நான். அந்த வருடம் அறுபது புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினால் தீபாவளி முடிந்து பொங்கல் வந்துவிடும். அதனால் நெட்வொர்க் வழியாக அவை தாமாகவே ஏற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தேன்.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் போட்டதும், அது முதலில் நெட்வொர்க் வயரிடம் 'நான் யார், என்ன செய்யட்டும்?' என்று கேட்கும். என் அறையிலிருக்கும் சர்வர் பதில் சொல்லும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி எண் உண்டு. என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் உள்ள எண் கேட்டால், 'உன்னைத் தொடமாட்டேன், உன் டிஸ்கிலிருந்தே எழுந்துகொள்' என்று பதில் போகும். பட்டியலில் இல்லாத எண் கேட்டால், டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றும். அறுபது எண்களை யார் உட்கார்ந்து தட்டுவது என்ற சோம்பேறித்தனத்தில்தான் அப்படித் தலைகீழாக வைத்தேன்.

தொடக்கூடாத பட்டியலில் முதல் எண் அக்காவின் கம்ப்யூட்டருடையது. சோதனைக்கூடத்தில் ரப்பரைப் பிடித்து அறுந்துபோகும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று சொல்கிற பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிறவர் அக்கா. அதன் மூளை ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். செய்த கம்பெனியே மூடிப்போய்விட்டதால், அந்த மென்பொருள் உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. இயந்திரம் நின்ற அன்றே அக்காவைக் குஜராத் ஆலைக்கு மாற்றிவிடுவோம் என்று நிர்வாகம் முன்பே சொல்லியிருந்தது. வீடு ஏரவாடாவில். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பெண் பத்தாம் வகுப்பு.

"தம்பி, எம்மிஷின்மேல கை வெச்சேன்னு வெய்யி, நடக்கறதே வேற," என்று பார்க்கும்போதெல்லாம் மிரட்டுவார். வேலூர்ப் பக்கத்துத் தமிழ், நடுவில் மராட்டி. "சாங்கித்லா நா? சொல்லிட்டேன், அப்புறம் தெரியாதுன்னு சொல்லக்கூடாது."

"அக்கா, உங்க மிஷின் இருக்கிற திசையிலேயே படுக்க மாட்டேன், போதுமா?" என்பேன். அந்த டிஸ்கை ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்றும் நினைத்தேன். பூஜை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். என்னை எதால் அடிப்பது?

பூஜை என்றால் நவமி பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை, இங்கே கண்டே நவமி. எங்கள் ஆலைத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. அறுபது கம்ப்யூட்டரும் ஒரே முகூர்த்தத்தில், அவர் கையால் ஆலை முழுவதற்குமான மெயின் சுவிட்சைப் போட, ஒரே நேரத்தில் எழவேண்டும். ஒரே நேரத்தில் அறுபது கேட்டால் என் சர்வர் மூச்சுத்திணறும் என்றேன். "அதற்கும் சேர்த்துப் பூஜை போடுவோம்," என்றார்.

பூஜைக்கு முதல் நாள் எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டரைத் துடைத்துச் செண்டுமல்லி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தசராவுக்கு அல்லாருக்கும் புச்சு. எம்மிஷினுக்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழம். அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

எனக்குச் சட்டென்று இரக்கம் வந்துவிட்டது. தசராவுக்குப் புதுசு ஏதாவது வாங்காத வீடு இந்த ஊரில் உண்டா? அவர் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு வேறு அடிக்கடி மக்கர் பண்ணும். ரிப்போர்ட் பிரிண்டருக்குப் போகாது. என் மேஜையில் புத்தம்புதிய கார்டு ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். அக்கா அதற்குக் குங்குமம் வைத்தார். எனக்கு ஒரு பேடா கொடுத்தார். பேடாவைத் தின்றுகொண்டே நல்லவனாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை புரோகிதர் சர்வர் முன்னால் மணை போட்டு உட்கார்ந்து, சங்கல்பத்துக்குப் பெயரும் கோத்திரமும் கேட்டார். ஆலைத் தலைவர் என்னைப் பார்த்தார். சர்வருக்குப் பெயர் இருக்கிறது, கோத்திரம் தெரியாது என்றேன். தெரியாதவர்களுக்கெல்லாம் காசியப கோத்திரம் என்று புரோகிதர் சமாளித்தார். சர்வர்மேலேயே தேங்காய் உடைக்கப்போன ஸ்டோர் கீப்பரின் இடுப்பைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "அபசகுனம்!" என்று அவர் கத்தினார். "தண்ணிபட்டா அதைவிட அபசகுனம்!" என்று நான் கத்தினேன். அப்போது மணி அடித்தார்கள். தலைவர் சுவிட்சைப் போட்டார்.

அறுபதும் எழுந்தன. திரைகளில் பட்டை ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பெருமையாக என் திரையில் எண்ணிப் பார்த்தேன். 'ஏற்றப்படுகிறது: 61.'

அடப்பாவி! பட்டியலில் இருந்தது பழைய கார்டின் எண். அந்தக் கார்டு என் டிராயரில் கிடந்தது. புதுக் கார்டை என் சர்வருக்குத் தெரியாது. வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு ஓடினேன். பூஜைக்கென்று வேட்டி வேறு! பிளக்கைப் பிடுங்கும்போது திரையில் ஒரு வரி நின்றது: இந்தக் கம்ப்யூட்டர் மிகவும் பழையது, ஏற்ற இயலாது. துடைத்து முடித்த பிறகுதான் அதற்கு அது தெரிந்திருக்கிறது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பொண்ணுக்கு மார்ச்ல எக்ஸாம்," என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினேன். பாதி வந்தது. பாதி மூளையை வைத்துக்கொண்டு எந்த இயந்திரம் ஓடும்? தலைவரிடம் போய், தப்பு என்னுடையது, தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "அரே, புது இயந்திரம் வாங்க ஆறு வருஷமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்!" எனக்கு அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். புது இயந்திரம் வந்ததும் கிளம்பவேண்டும் என்று அக்காவுக்குக் குஜராத் மாற்றல் உத்தரவு கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பிரிண்டரில் அடித்தவை. காகிதம் சிக்கியது என்று அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

புது இயந்திரம் தானே ரப்பரை எடுத்து, தானே இழுத்து, தானே எழுதிவிடும். ஆள் வேண்டாம். ஆனால் அதனுள் டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் என் சர்வரிடம் கேட்டுத்தான் எழும். அதற்கான கோப்பை எழுத உட்கார்ந்தேன். எத்தனை விநாடி காத்திருந்துவிட்டுத் தானாகக் கிளம்பவேண்டும் என்று ஓரிடத்தில் கேட்டது. அந்த மென்பொருளில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பூஜ்யம் என்று போட்டால் உடனே கிளம்பாது. யாராவது வந்து விசையைத் தட்டும்வரை காலத்துக்கும் காத்திருக்கும். பூஜ்யம் போட்டேன். கீழே கடவுச்சொல்லும் வைத்தேன். அதை அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"இன்னா தம்பி, கோல்மாலா?"

"ஆமாக்கா."

"மாட்டிக்கினா?"

"மாட்டிக்கிறேன்."

அக்கா வந்து தட்டினால்தான் இயந்திரம் எழுந்தது; இரண்டே நாளில் மாற்றல் ரத்தாகி எழுத்தில் வந்தது. காரணம்: இவர் இல்லாமல் புது இயந்திரம் இயங்காது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு வருடத்தில் அந்த ஆலையில் யாரும் அவரைப் பற்றி அப்படி எழுதியதில்லை.

மார்ச்சில் ஒருநாள் காலை ஆலைத் தலைவர் போன் செய்தார். புது இயந்திரம் எழவில்லை, ரப்பர் மலையாகக் குவிகிறது, உடனே வா. போனேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா எங்கே?"

"பெண்ணுக்கு இன்று முதல் பரீட்சை சார். பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டு மத்தியானம் வருவார். லீவு கேட்டிருந்தார், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்."

"அதுவரை?"

"அதுவரை இது நிற்கும் சார்."

அவர் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். பூஜ்யம் போட்ட அந்த வரியை மாற்ற எனக்கு அரை நிமிடம் போதும். கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.